பரனூருக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில்

காரை விட்டு இறங்கியபோது நான் வேறு சட்டை போட்டிருந்தேன்.

காலையில் அம்பத்தூரில் கிளம்பும்போது போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. என் மனைவி வடிவு இஸ்திரி போட்டுக் கொடுத்தது, நன்றாக நினைவிருக்கிறது. இப்போது பாளையங்கோட்டையில் அவள் அண்ணன் வீட்டு வாசலில், பொங்கலன்று போடுவதற்காக அட்டையும் குண்டூசியுமாகப் பெட்டியில் வைத்திருந்த மஞ்சள் சட்டையோடு நிற்கிறேன். ஒரு குண்டூசி இன்னும் காலரிலிருந்து கழுத்தைக் குத்திக்கொண்டிருந்தது. அவசரத்தில் மாற்றியிருக்கிறேன் என்று அதிலிருந்து தெரிந்தது. ஏன் மாற்றினேன் என்று தெரியவில்லை.

கால்சட்டைப் பை ஈரமாக இருந்தது. கையை விட்டால் கைக்குட்டை. நனைந்து கசங்கி, திட்டுத் திட்டாக நீல மை. பேனா வைத்துக்கொள்ளும் வழக்கமே எனக்குக் கிடையாது. லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வை வேலை. எல்லாம் திரையில் விரலால் தட்டுவதுதான்.

வடிவு மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கினாள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பட்டையை உரித்துக் கசக்கினாள். கண்கள் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள்.

"இது பொங்கலுக்குன்னு எடுத்ததுல்ல? இப்பவே ஏன் போட்டீங்க?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். "உன் கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவளும்.

எங்கள் மகள் தாமிரா பின்சீட்டிலிருந்து இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். பத்து வயது. கூடத்து சோபாவில் செருப்போடு சுருண்டவள் அப்படியே தூங்கிப்போனாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அவளுக்குக் கார்ப் பயணம் ஒத்துக்கொள்வதில்லை என்று நாங்கள் முடிவுகட்டி வைத்திருந்தோம்.

மறதிப் பட்டையைப் பற்றி இன்றைக்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, என் மச்சான் பிரமநாயகத்தைத் தவிர. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். எதையும் இரண்டு தடவை கேட்டால்தான் அவருக்குத் திருப்தி.

"வாங்க மாப்ள. என்ன இம்புட்டு நேரமாயிட்டு? அஞ்சு மணிக்கே வந்திருவியன்னு பகவதி வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. மணி ஏழு."

"ட்ராபிக் மச்சான்."

"எங்கன?"

"தெரியாது."

"அப்பம் ட்ராபிக்னு மட்டும் எப்படித் தெரியுது?"

நான் அசடு வழிந்தேன். பகவதி அக்கா, அவர் மனைவி, செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"மத்தியானம் எங்க வச்சுச் சாப்டிய?" என்று மச்சான் விடாமல் கேட்டார்.

"அதுவும் தெரியாது. பரனூர் டோல்கேட்ல பட்டையை ஒட்டினோம். அடுத்து உங்க வாசல்தான். நடுவுல ஒண்ணும் இல்ல."

"நடுவுல தூங்கிருவியளோ? பெறவு வண்டிய யாரு ஓட்டுதா?"

"தூக்கம் இல்ல மச்சான். முழிச்சுட்டுத்தான் இருப்போம். நானேதான் ஓட்டுவேன். சாப்பிடுவோம், பேசுவோம், சண்டை போடுவோம், எல்லாம் நடக்கும். பட்டையைப் பிச்சதும் எதுவும் மனசுல நிக்காது. பதிமூணு மணி நேரம் வெயில்ல ஊர்ந்து வந்த அலுப்பு மனசுல இருக்காது பாருங்க. வந்து இறங்கினதும் சிரிச்ச முகமா இருக்கலாம்."

"சிரிச்ச முகம்" என்று மச்சான் தங்கையின் வீங்கிய கண்களைப் பார்த்தார். பிறகு சோபாவில் கிடந்த தாமிராவைப் பார்த்தார். "பிள்ளைக்கும் ஒட்டுவியளோ?"

"பன்னெண்டு வயசுக்குக் கீழ ஒட்டக் கூடாது. வளர்ற மூளைக்கு ஆகாதுன்னு பெட்டியிலேயே போட்டிருக்கான்."

"அதான பாத்தேன்." மச்சான் குரலைத் தணித்தார். "லீவு முடிஞ்சு வார பிள்ளைய மொகத்தப் பாத்தே, எது பஸ்ஸுல ஊருக்குப் போயிட்டு வந்துச்சு, எது காருல வந்துச்சுன்னு நான் சொல்லிருவேன் மாப்ள. காருல வந்தது ஒரு வாரத்துக்கு வாயத் தொறக்காது."

பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எதையாவது கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் பகவதி அக்கா கார் டிக்கியிலிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி வடிவு, எதுக்கு இம்புட்டு பால்கோவா? ரெண்டு கிலோ இருக்கும் போலிருக்கே!"

"நான் வாங்கலையே மைனி. இவங்க வாங்கியிருப்பாங்க."

"நானா? எனக்கு அது வாயில வச்சாலே ஆகாது."

நாலு டப்பா. எல்லாவற்றிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அச்சடித்திருந்தது. நாங்கள் வழக்கமாக வருவது மதுரை, கோவில்பட்டி வழியாக. ஸ்ரீவில்லிபுத்தூர் அந்த வழியிலேயே கிடையாது. வேலை மெனக்கெட்டுச் சுற்றிக்கொண்டு போய் வாங்கியிருக்கிறோம். அந்தக் குடும்பத்தில் பால்கோவாவுக்கு உயிரை விடுகிறவர் ஒரே ஒருவர்தான், என் மாமனார். அவர் இறந்து ஆறு வருடமாகிறது.

பகவதி அக்கா கொடுத்த தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

பயந்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் மேலே போக முடியாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் மாமனார் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். மச்சான் மருந்து வாங்கப் போயிருந்த நேரம். "மாப்ள, வடிவுக்கு அடிச்சேன், லைனு கெடைக்கல. அவள ஒருக்கா பாக்கணும் போல இருக்கு. இன்னைக்கே வண்டி ஏத்தி விடுங்களேன்" என்றார். சரி மாமா என்றேன். ஞாயிற்றுக்கிழமை என் தங்கைக்கு வளைகாப்பு. வீட்டுக்கு ஒரே மருமகள் இல்லாவிட்டால் என் அம்மா ஊரைக் கூட்டிவிடுவாள். மாமனாரோ ஜலதோஷம் பிடித்தாலும் மகளைப் பார்க்க வேண்டும் என்கிற ஆள். இரண்டு நாளில் என்ன ஆகிவிடும், திங்கட்கிழமை நாமே கூட்டிப் போகலாம் என்று நினைத்து, வடிவிடம் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கையின் கையில் வளையல் போட்டுக்கொண்டிருக்கும்போது வடிவின் போன் அடித்தது. எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நாள் போகப் போக இன்னும் சொல்ல முடியாமல் போனது. அதற்கு முந்தின தீபாவளிக்கு வடிவு ஊருக்கு வந்திருக்கவில்லை. அதனால் அப்பா தன்மேல் கோபத்தோடுதான் போனார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை மாற்ற என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் வடிவு ஒரு டப்பாவைப் பிரித்து அப்பா படத்துக்கு முன்னால் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கடைசி நாள்ல பால்காரரக் கூடக் கேட்டாராம் மைனி, 'அவன் மகளுக்கு வேலை கிடைச்சிட்டா'ன்னு. என்னைத்தான் ஒரு வார்த்தை கேக்கல."

"விடுட்டி. செத்தவுக மனச யாரு கண்டா?" என்றாள் பகவதி அக்கா.

வடிவு கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். உள்ளங்கையில் மங்கலாக நீலக் கறை இருந்தது. நான் பையிலிருந்த கைக்குட்டையை இன்னும் உள்ளே திணித்தேன்.

மறுநாள் காலையில் வடிவுக்குத் தலைவலி. நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளறையில் படுத்துவிட்டாள். பன்னிரண்டு மணி நேரம் தூங்கி எழுந்த தாமிரா, இட்லித் தட்டோடு உட்கார்ந்தவள், "அம்மா எங்க?" என்றாள்.

"தலை வலிக்குதாம். வெடிக்கிற மாதிரி இருக்குன்னு படுத்திருக்கா" என்றாள் பகவதி அக்கா.

தாமிராவின் கையிலிருந்த இட்லி தட்டில் விழுந்தது. முகம் வெளுத்துப்போயிற்று. எழுந்து உள்ளே ஓடினாள். கதவோரம் நின்று அம்மாவின் தலையையே பார்த்தாள். திரும்ப ஓடி வந்து தைலம் எடுத்துக்கொண்டு போனாள். பிறகு மச்சானிடம் வந்து நின்றாள்.

"மாமா, சத்தியத்தை வாபஸ் வாங்க முடியுமா?"

"என்ன சத்தியம் மக்களே?"

"சும்மாதான் கேக்கறேன். தலைமேல கைய வச்சுப் பண்ணினா."

மச்சானுக்குச் சிரிப்பு. "யாரு தலையோ அவுக எண்ணெ தேச்சு மூணு செம்பு தண்ணி ஊத்தித் தலை முழுகிரணும். சத்தியம் கழண்டு ஓடிரும்."

"நிஜமாவா?"

"உங்க மாமா என்னைக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

அவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தாமிரா என்னைப் பார்த்த பார்வைதான் புரியவில்லை. அடிபட்ட இடத்தைப் பார்ப்பதுபோல என் உச்சந்தலையைப் பார்த்தாள்.

மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் போகிக்கு எரித்த பழைய பாயின் புகை இன்னும் போகவில்லை.

"தாமிரா, நேத்து கார்ல என்ன நடந்துச்சு?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"உங்க தலை வெடிச்சிடும்." சொன்னவள் அழ ஆரம்பித்தாள். "சொன்னா உங்க தலை வெடிச்சிடும். சொல்லலன்னா அம்மா தலை வெடிச்சிடும். இப்ப அம்மாவுக்கு வெடிக்கப் போகுது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, விக்கல் நின்றதும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் வாயை இறுக்கிக்கொண்டு தலையாட்டினாள். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னாள்.

"முதல்ல நீங்க தலை முழுகுங்க."

முழுகினேன். வேறு என்ன செய்வது? நாற்பத்தோரு வயது, நாற்பது பேருக்கு மேற்பார்வையாளன், மச்சான் வீட்டுக் கிணற்றடிக் குழாயில் நல்லெண்ணெயைத் தலையில் அப்பிக்கொண்டு குந்தினேன். தாமிராவே செம்பில் தண்ணீர் பிடித்து ஊற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பாதித் தண்ணீர் முதுகில் போனது. மூன்றாவது செம்பு முடிந்ததும் என் தலையை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தாள். அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

"விழுப்புரம் தாண்டினதும் நீங்க சொல்வீங்க" என்றாள்.

"என்ன சொல்வேன்?"

"தாத்தா போன் பண்ணினது. ஊருக்கு வரும்போது எப்பவுமே விழுப்புரம் தாண்டினதும்தான்."

"எப்பவுமேன்னா?"

"இதோட அஞ்சு தடவை ப்பா."

ஈரத்தலையோடு நான் குந்தியபடியே இருந்தேன். பட்டை கடைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஐந்து தடவை ஊருக்கு வந்திருக்கிறோம். ஐந்து தடவையும் நான் சொல்லியிருக்கிறேன். எப்படியும் மறந்துவிடும் என்கிற தைரியம்தான், வேறு என்ன? ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பேன். நெஞ்சு லேசாகியிருக்கும். வந்து இறங்கியதும் அந்த லேசும் என்னை விட்டுப் போயிருக்கும்.

"அம்மா?"

"திருச்சி வரைக்கும் பேச மாட்டாங்க. திருச்சில காபி குடிப்போம். இந்தத் தடவை காபிய உங்க மேலயே ஊத்திட்டாங்க. அப்புறம் அவங்களே பெட்டியத் திறந்து புதுச் சட்டை எடுத்துக் குடுத்தாங்க. மதுரை வரும்போது 'சரி விடுங்க'ம்பாங்க. அப்புறம் 'எங்கப்பா எப்படிக் கேட்டாரு, சொல்லுங்க'ம்பாங்க. நீங்க தாத்தா மாதிரியே பேசிக் காட்டணும். திரும்பத் திரும்பக் கேப்பாங்க. சிரிப்பாங்க ப்பா. வீட்ல அம்மா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"சத்தியம்?"

"நீங்க பெட்ரோல் போட இறங்கும்போது அம்மா கேப்பாங்க. 'ஊருக்குப் போனதும் அம்மா மறந்துடுவேன், நீ ஞாபகமாச் சொல்லணும், என் தலைமேல சத்தியம் பண்ணு'ன்னு. அம்மா பாத்ரூம் போகும்போது நீங்க கேப்பீங்க. 'அம்மாகிட்ட சொல்லவே கூடாது, என் தலைமேல சத்தியம்'னு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு பேரும் என் கையப் பிடிச்சு அவங்கவங்க தலையில வச்சுப்பீங்க."

இரண்டு வருடமாக இந்தக் குழந்தை யார் தலை முதலில் வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. போன மாதம் எனக்குத் தலை வலித்தபோது அவள் ஏன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள் என்பது இப்போது புரிந்தது. அன்றைக்கு நான் அவளைத் திட்டி அனுப்பினேன்.

"அம்மா கையில மை?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், வேறு ஏதாவது சொல்லமாட்டாளா என்று பார்த்தேன்.

"என் பேனாவ வாங்கி எழுதிக்கிட்டாங்க. 'அப்பா என்னைக் கேட்டார்'னு. அதுக்கப்புறம் தூங்கிட்டாங்க. நீங்க ஓரமா வண்டிய நிறுத்தி, கைக்குட்டைய நனைச்சு, அம்மா முழிக்காம மெதுவாத் துடைச்சீங்க. போன தடவையும் துடைச்சீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அதனாலதான் அம்மா எழுந்ததும் பால்கோவா வாங்கணும்னு சண்டை போட்டு வண்டியத் திருப்பச் சொன்னாங்க. கையப் பாத்துட்டாங்கன்னு நினைக்கிறேன். அது மட்டும் உங்களால துடைக்க முடியாதுன்னு சொன்னாங்க."

அந்த மனிதனை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடத்தான் ஆசை. பட்டை ஒட்டியதால் நான் வேறு ஆளாகிவிடவில்லை என்று நேற்று மச்சானுக்கு நான்தான் விளக்கினேன். ஓரமாக வண்டியை நிறுத்தி, தூங்குகிற பெண்ணின் கையிலிருந்து அவளுடைய அப்பாவைத் துடைத்து எடுத்தவன் நானேதான். எனக்கு என்னைப் பார்த்தே கூச்சமாக இருந்தது.

"அம்மாவும் ஒண்ணு சொல்வாங்க" என்றாள் தாமிரா.

"என்ன?"

"அது அம்மாவோடது. அவங்க தலை முழுகல."

"நான் என்ன பண்ணுவேன், அவங்க சொன்னதும்?"

"ரொம்ப நேரம் வேகமா ஓட்டுவீங்க. அப்புறம் நீங்களும் 'சரி விடு'ன்னு சொல்வீங்க."

தலை துவட்டாமல் உள்ளறைக்குப் போனேன். வடிவு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, கைக்குட்டையை அவள் பக்கத்தில் வைத்தேன். சொன்னேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து நேற்று துடைத்தது வரைக்கும், எனக்கு நினைவிருப்பதையும் நினைவில்லாததையும் சொன்னேன். தாமிராவின் இரண்டு சத்தியங்களையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்று பயமாக இருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஏதாவது எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரியா என்ன சொன்னாரு?"

"'அவள ஒருக்கா பாக்கணும் போல இருக்கு. இன்னைக்கே வண்டி ஏத்தி விடுங்களேன்'னாரு."

"ஒருக்கா."

"ஆமா. ஒருக்கா."

அவள் உதடு அசைந்தது. மாமனார் குரலில் சொல்லிக் காட்டட்டுமா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவள் கைக்குட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். மையில் எழுத்து எதுவும் இல்லை.

"அன்னைக்கு மறைச்சிய, அதக்கூட ஒரு கணக்குல விட்டிரலாம்" என்றாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவள் என்னிடம் ஊர்ப்பேச்சில் பேசியதில்லை. "உங்க அம்மைக்குப் பயந்திய. சாவு வரும்னு யாரு கண்டா? ஆனா நேத்து துடைச்சிய பாருங்க. எல்லாம் தெரிஞ்சு துடைச்சிய."

"கார்ல அஞ்சு தடவை 'சரி விடுங்க'ன்னு சொன்னியாம்" என்றேன். அற்பத்தனம்தான். வேறு பிடிமானம் எனக்கு இல்லை.

"கார்ல இருந்தவளுக்கென்ன, சொல்லுவா. இறங்கினா மறந்திருமே. நான்லா இத வச்சுக்கிட்டு இருக்கணும்."

"நீயும் ஏதோ சொல்வியாம்" என்று மட்டும் சொன்னேன். "என்னன்னு தாமிரா சொல்லல." வடிவின் முகம் சட்டென்று மாறியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு தாமிராவைக் கூப்பிட்டாள். அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, "நீ சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட. இனிமே இந்தத் தலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். சாயங்காலம் தலைவலி விட்டது. காலையில் போட்ட மாத்திரைதான் காரணம். அதைத் தாமிராவிடம் நான் சொல்லவில்லை.

பொங்கல் வந்தது, போனது. வடிவு அண்ணனிடம் அப்பாவின் கடைசி வார்த்தையைச் சொன்னாள், யாரிடம் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. மச்சான் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் "எங்கப்பா வடிவத்தான் கடைசியாக் கேட்டிருக்காரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வந்தவர்களுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தாள் வடிவு, சிரித்தாள்கூட. என்னிடம் மட்டும் ஐந்து நாள் பேசவில்லை. சாப்பாடு தாமிரா மூலமாக வந்தது. மன்னிப்பாளா மாட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலித்ததுதான் மிச்சம்.

திரும்பும் நாள் காலையில் கார்க் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த பட்டைப் பெட்டியை எடுத்தாள். என்னிடம் கேட்கவில்லை. மச்சான் வீட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, தாமிராவோடு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, பட்டை இல்லாமல் அந்தச் சாலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். காற்றாலைகள் வந்தன. கோவில்பட்டியில் புதிதாக ஒரு மேம்பாலம். என் கை அந்த வளைவுகளை அறிந்திருந்தது, என் கண் அறியவில்லை. எந்த இடத்தில் ஓரமாக நிறுத்தித் துடைத்தேன் என்று ஒவ்வொரு புளியமரத்தையும் பார்த்தேன். எல்லா மரமும் அதுவாகத்தான் தோன்றியது. முதுகு வலித்தது, மதுரையில் நெரிசல், யாரும் பேசவில்லை. மனிதர்கள் ஏன் இதை மறக்க விரும்பினார்கள் என்று நன்றாகப் புரிந்தது.

கண்ணாடியில் தாமிராவைப் பார்த்தேன். கயத்தாறு வரைக்கும் கண்ணை அகல விரித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலையில் இருக்கிற ஆளைப்போல எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு ஒட்டலதானே?" என்று ஒரு தடவை கேட்டாள். இல்லை என்று வடிவு தன் காதை மடித்துக் காட்டினாள். நானும் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் தலை மெல்லச் சாய்ந்தது.

திருச்சியில் காபிக்கு நிறுத்தியபோதும் எழவில்லை. வாயைத் திறந்துகொண்டு, ஒரு கால் கீழே தொங்க, எச்சில் ஒழுகத் தூங்கினாள். பட்டை வந்த பிறகு காரில் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒருவேளை இந்த இரண்டு வருடத்தில் அவள் காரில் தூங்கியதே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

காபியைக் குடித்துவிட்டு வடிவு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒன்றும் இல்லாதிருந்தும் மடியில் எதையோ பிடித்திருப்பதுபோல விரல்களை மூடியிருந்தாள். உளுந்தூர்ப்பேட்டை தாண்டியது. விழுப்புரம் இன்னும் முப்பது கிலோமீட்டர் என்று பச்சைப் பலகை சொன்னது.

"பின்னால பாருங்க. தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தேன். "கயத்தாறுலேருந்து தூங்கறா, வடிவு."

அவள் நேரே சாலையைப் பார்த்தபடி இருந்தாள். "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "உங்க தங்கச்சி வளைகாப்புக்கு முந்தின வருஷம் நடந்தது."

நான் அவளை ஐந்து தடவை மன்னித்திருக்கிறேனாம். எதற்காக, எப்படி மன்னித்தேன் என்று பட்டை ஒட்டியிருந்த அந்தத் தயாளனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. இந்தத் தடவை நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லு" என்றேன்.